கான்ஸ்டபிளின் ஊரும் உறவும்: ஒரு பயண நாட்குறிப்பு

வெள்ளி, லண்டன்

நேஷனல் கேலரியில் ஆங்கில ஓவியர் ஜான் கான்ஸ்டபிளின் 'தி ஹே வெய்ன்' (வைக்கோல் வண்டி) முன்னால் இன்று வெகுநேரம் நின்றேன். ஓவிய ஆசிரியையாக இருந்த காலமெல்லாம் நிலக்காட்சிப் பாடம் வரும்போது இந்தப் படத்தின் அச்சுப் பிரதியைத்தான் பிள்ளைகளுக்குக் காட்டியிருக்கிறேன். அசல் 130 சென்டிமீட்டர் உயரம், 185 சென்டிமீட்டர் அகலம். அச்சில் சாதுவாகத் தெரிகிற படம் நேரில் சாதுவாக இல்லை. கிட்டே போகப் போக, தண்ணீர் முழுக்க வெள்ளைப் பொட்டுகள், இலைகளில் கத்தியால் இழுத்த மாதிரி பச்சை, குதிரைகளின் கழுத்துப்பட்டையில் சுள்ளென்று சிவப்பு. இடது பக்கம் ஒரு வீடு. அதன் முன்னால் ஒரு பெண் தண்ணீரை நோக்கிக் குனிந்திருக்கிறாள். நடுவில் ஓடைக்குள் வெறும் வண்டி நிற்கிறது. தூரத்து வயலில், கூர்ந்து பார்த்தால்தான் தெரியும், புல் அறுக்கிறவர்களும் இன்னொரு வண்டியில் புல் ஏற்றுகிறவர்களும்.

கான்ஸ்டபிள் இதை 1821இல் ராயல் அகாடமி என்ற லண்டன் கலைச் சங்கத்தின் கண்காட்சியில் வைத்தபோது பெயர் 'நிலக்காட்சி: நண்பகல்'. அப்போது விலை போகவில்லை. பிறகு பாரிஸ் வியாபாரி ஒருவர் இன்னும் இரண்டு படங்களோடு சேர்த்து 250 பவுண்டுக்கு வாங்கிப் போனார். 1824இல் பாரிஸ் கண்காட்சியில் பிரெஞ்சு அரசர் பத்தாம் சார்ல்ஸ் தங்கப் பதக்கம் கொடுத்தார். அதை வாங்கிக்கொள்ளக்கூட கான்ஸ்டபிள் பாரிஸ் போகவில்லை. வாழ்நாளில் அவர் இங்கிலாந்தைத் தாண்டியதே இல்லை. 1806இல் வடக்கே ஏரி மாவட்டத்து மலைகளுக்குப் போய் நிறைய வரைந்து வந்தார். ஆனால் மலைகளின் தனிமை மனதை அழுத்தியது என்று நண்பர்களிடம் சொல்லியிருக்கிறார்.

எனக்கு அவரைப் புரிந்தது அந்த ஒரு வார்த்தையில்தான். அவர் திரும்பத் திரும்ப வரைந்த இடங்களை எடுத்துக்கொள்ளுங்கள். ஃப்ளாட்ஃபர்ட் அப்பாவின் ஆலை. ஈஸ்ட் பெர்கோல்ட் பிறந்த வீடும், காதலியின் தாத்தா வீடும். சாலிஸ்பரி உயிர் நண்பன் வீடு. ஹாம்ப்ஸ்டெட் மனைவியின் உடம்புக்காகக் குடி போன இடம். சொந்தம் இல்லாத இடத்தில் அவருக்குத் தூரிகை ஓடவில்லை. இந்த இடங்களை ஒவ்வொன்றாகப் போய்ப் பார்க்க வேண்டும் என்பது நெடுநாள் ஆசை. கால்செஸ்டர் பக்கம் குடியிருக்கும் என் தம்பி, "மே மாசம் வா அக்கா, பூ எல்லாம் இருக்கும்" என்று கூப்பிட்டான். வந்துவிட்டேன். சாயங்காலம் லிவர்பூல் ஸ்ட்ரீட்டில் ரயில் ஏறினேன். மானிங்ட்ரீ ஸ்டேஷனுக்கு ஒரு மணி நேரம்தான்.

சனி, ஃப்ளாட்ஃபர்ட்

ஸ்டேஷனிலிருந்து நடந்தே போனோம். ஸ்டூர் ஆற்றங்கரை ஓரமாகச் சுமார் 3 கிலோமீட்டர் இருக்கும். ஆற்றுக்கு இந்தப் பக்கம் எஸ்ஸெக்ஸ், அந்தப் பக்கம் சஃபக். "இதுதானா அக்கா அந்த ஆறு? நம்ம பாளையங்கால்வாய் அளவுதான் இருக்கு" என்றான் தம்பி. உண்மைதான். இத்தனை வருடம் பக்கத்தில் இருந்தும் அவன் இங்கே வந்ததில்லை. கரையில் வில்லோ மரங்கள். கிரிக்கெட் மட்டைக்கான வில்லோவை இந்தப் பகுதியில் வளர்க்கிறார்கள் என்று சொன்னதும் அவனுக்கு ஆறு பிடித்துப்போனது.

ஃப்ளாட்ஃபர்ட் ஆலை செங்கல் கட்டடம். கோல்டிங் கான்ஸ்டபிள் என்ற தானிய வியாபாரி நடத்தியது. அவருக்கு டெடமிலும் ஆலை உண்டு. அரைத்த மாவும் தானியமும் இங்கே படகில் ஏறி, ஆற்றோடு மிஸ்ட்லி துறைமுகம் போய், அங்கிருந்து அவருடைய சொந்தக் கப்பலிலேயே லண்டன் போகும். இப்போது பழைய கட்டடங்களைப் பாதுகாக்கும் நேஷனல் டிரஸ்ட் அமைப்பின் சொத்து. உள்ளே இயற்கை பற்றியும் ஓவியம் பற்றியும் தங்கிப் படிக்கும் வகுப்புகள் நடக்கின்றன.

மூத்த மகன் கோல்டிங்குக்கு மூளை வளர்ச்சி போதவில்லை. அதனால் இரண்டாவது மகன் ஜான்தான் ஆலையை எடுத்து நடத்துவான் என்று அப்பா நினைத்திருந்தார். ஜானும் பள்ளி முடித்துச் சில வருடங்கள் ஆலையில் வேலை பார்த்தார். கடைசித் தம்பி ஏப்ரம் வளர்ந்து, தொழிலைத் தோளில் வாங்கிக்கொள்ள முடியும் என்று ஆன பிறகுதான் அண்ணனுக்கு விடுதலை. 1799இல் ராயல் அகாடமி பள்ளியில் சேர்ந்தபோது ஜானுக்கு 22, 23 வயது. ஓவியப் புத்தகங்களில் ஏப்ரமுக்கு இரண்டு வரிதான் கிடைக்கும். எனக்கு அது பொறுக்காது. அந்தத் தம்பி கணக்குப் புத்தகத்தைத் தூக்காமல் போயிருந்தால் அண்ணன் தூரிகையைத் தூக்கியிருக்க முடியாது. அண்ணன் வேலையைப் பற்றி மிகச் சரியாகச் சொன்னவரும் அவரே. ஜான் வரைந்த ஆலையைப் பார்த்தால் அது சுற்றும் என்று தெரிகிறது, மற்றவர்கள் வரைந்ததில் அப்படி எப்போதும் தெரிவதில்லை என்றாராம். இதைவிட நல்ல விமர்சனத்தை நான் படித்ததில்லை.

ஆலைக்குப் பக்கத்துக் குளத்தின் கரையில் நின்றால் நேற்றுப் பார்த்த படம் அப்படியே எதிரே. வில்லி லாட்டின் வீடு, வெள்ளைச் சுவர், ஓட்டுக் கூரை, கீழே பழுப்புத் தண்ணீர். மரங்கள் மாறிவிட்டன. வீடு மாறவில்லை. வில்லி லாட் என்ற விவசாயி எண்பது வருடத்துக்கு மேல் இந்த வீட்டில் வாழ்ந்து, மொத்தமாக நான்கு நாள் கூட வெளியே தங்கியதில்லை என்பார்கள். அந்த மனிதரைக் கான்ஸ்டபிளுக்கு ஏன் பிடித்தது என்று கேட்கவே வேண்டாம்.

படகுகளை மட்டம் மாற்றி ஏற்றி இறக்கும் மதகு இன்றும் வேலை செய்கிறது. அதன் மரக்கதவை வெகுநேரம் பார்த்தேன். கதவின் கீழ்ப்பாதி பாசி பிடித்துக் கறுத்திருக்கிறது. இடுக்கு வழியாகத் தண்ணீர் கசிந்து, மெல்லிய தகடு போல விழுகிறது. தண்ணீர் ஏறி இறங்கிய அளவுகள் கோடு கோடாகக் கட்டையில் பதிந்திருக்கின்றன. 1821இல் நண்பர் ஜான் ஃபிஷருக்கு எழுதிய கடிதத்தில், ஆலை அணையிலிருந்து தப்பி ஓடும் தண்ணீரின் சத்தம், வில்லோ மரம், மக்கிய பலகை, வழுவழுத்த தூண், செங்கல் சுவர், இவையெல்லாம் தனக்குப் பிரியம் என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டு போகிறார். அதே கடிதத்தில்தான், ஸ்டூர் கரையில் உள்ளதெல்லாம் தன் கவலையற்ற சிறுவயதோடு சேர்ந்தது, அந்தக் காட்சிகளே தன்னை ஓவியனாக்கின, அதற்கு நன்றியோடு இருக்கிறேன் என்றும் எழுதினார். நன்றி என்கிற அந்தச் சொல்லை அவர் யாரை நோக்கிச் சொன்னார் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

இழுவைப் பாதை வழியே கொஞ்சம் நடந்தோம். அந்தக் காலத்தில் படகுகளைக் கரையிலிருந்து குதிரைகள் இழுத்தன. வழியில் மாடுகள் தாண்டாமல் இருக்கக் கட்டைத் தடுப்புகள் உண்டு. குதிரை படகையும் இழுத்து, தடுப்பையும் தாண்டிக் குதிக்க வேண்டும். பாதை எதிர்க்கரைக்கு மாறும் இடத்தில் குதிரையைப் படகிலேயே ஏற்றி அக்கரை சேர்ப்பார்கள். 'துள்ளும் குதிரை', 'வெள்ளைக் குதிரை' என்ற இரண்டு பெரிய படங்களும் இந்த வேலையைத்தான் காட்டுகின்றன. ஆலை முதலாளி வீட்டுப் பிள்ளை என்பதால் எந்தக் கட்டை எதற்கு, எந்தக் கயிறு எங்கே கட்டும் என்பது அவருக்குத் தெரியும்.

பாலத்தின் பக்கம் நின்று ஆலையைப் பார்த்து வரைந்த ஒரு படத்தில், முன்னால் இருக்கும் மண் தரையில் குச்சியால் கீறியது போலத் தன் கையெழுத்தைப் போட்டிருக்கிறார், 1817 என்று. அப்பா இறந்து ஒரு வருடம் ஆகியிருக்கிறது. ஆலை இனி ஏப்ரமுடையது. அப்போது போய்த் தன் பெயரை அந்த மண்ணில் எழுதினார்.

ஞாயிறு, ஈஸ்ட் பெர்கோல்ட்

ஆராதனைக்கு பரிசுத்த மரியாள் ஆலயத்துக்குப் போனோம். கோபுரம் பாதியில் நிற்கிறது. கார்டினல் வூல்சி பணம் தருவதாக இருந்து, அவர் வீழ்ந்ததும் வேலை நின்றுபோனது என்று ஊரில் சொல்கிறார்கள். அதனால் மணிகளை வைக்க 1531இல் கல்லறைத் தோட்டத்திலேயே ஒரு மரக்கூண்டு கட்டினார்கள். தற்காலிகமாகக் கட்டியது, இன்றும் அங்கேதான். ஐந்து மணி, மொத்தம் நான்கு டன்னுக்கு மேல். கயிறும் சக்கரமும் கிடையாது. மணிகளைத் தாங்கும் மரக்கட்டையை ஆட்கள் கையால் பிடித்துத் தள்ளியே அடிக்கிறார்கள். தரை மட்டத்தில் அடிப்பதால் சத்தம் நெஞ்சில் இறங்குகிறது. பாளையங்கோட்டையில் ஞாயிற்றுக்கிழமை மணிச்சத்தத்தில் வளர்ந்தவள் நான். ஆனால் மணியின் முகத்துக்கு நேரே நின்று கேட்டது இல்லை.

1776 ஜூன் 11 அன்று பிறந்த குழந்தை தங்குமோ தங்காதோ என்று பயந்து அன்றைக்கே ஞானஸ்நானம் கொடுத்துவிட்டார்கள். அந்தக் குழந்தைதான் ஜான். அவருடைய பெற்றோரின் கல்லறை இங்கே இருக்கிறது. வில்லி லாட்டும் இங்கேதான்.

இனி மரியா கதைக்கு வர வேண்டும். இந்த ஊர்ச் சேகரகுரு, அதாவது ஆலயப் பொறுப்பிலிருந்த பாதிரியார், டாக்டர் ரட். அவருடைய பேத்தி மரியா பிக்னெல். சிறுமியாகத் தாத்தா வீட்டுக்கு வந்துபோன காலத்திலிருந்தே ஜானுக்கு அவளைத் தெரியும். 1809இல் அது காதல் ஆயிற்று. ஜானுக்கு 33 வயது, வருமானம் இல்லை. ஆலைக்காரன் மகன், அதிலும் படம் வரைகிறவன் என்று தாத்தாவுக்குச் சம்மதம் இல்லை. கட்டினால் சொத்தில் பங்கில்லை என்றார். இருவரும் பெரும்பாலும் பிரிந்தே இருந்தார்கள். ஏழு வருடம் கடிதத்திலேயே ஓடிப்போனது.

ஜானின் அம்மா ஆனை எனக்கு ரொம்பப் பிடிக்கும். சேகரகுருவின் மனதை எப்படியாவது கரைக்க வேண்டும் என்று, மகனை இந்த ஆலயத்தை நீர்வண்ணத்தில் வரையச் சொல்லி, 1811இல் அதை அவருக்குப் பரிசாகக் கொடுக்க வைத்தார். அவரும் நன்றிக் கடிதம் எழுதினார், கூடவே ஒரு பணநோட்டையும் வைத்து அனுப்பினார். பெண் கேட்கிறவனுக்குக் கூலி கொடுத்துக் கணக்கு முடித்த மாதிரி. அந்தக் கவரைப் பிரித்தபோது அந்தத் தாயின் முகம் எப்படி இருந்திருக்கும் என்று ஆராதனை முடியும் வரை நினைத்துக்கொண்டிருந்தேன். மகன் கல்யாணத்தைப் பார்க்காமலே 1815இல் அவர் இறந்தார்.

ஆலயத்துக்குப் பக்கத்தில்தான் கான்ஸ்டபிள் வீடு இருந்தது. இப்போது வீடு இல்லை. வீட்டின் மேல்மாடி ஜன்னலிலிருந்து அப்பாவின் பூந்தோட்டத்தையும் காய்கறித் தோட்டத்தையும் 1815இல் இரண்டு படமாக வரைந்தார். காய்கறித் தோட்டப் படத்தில் பாத்திகளைத் தாண்டி, வயல்களைத் தாண்டி, தூரத்தில் சேகரகுருவின் வீடு தெரிகிறது. அம்மா இறந்த வருடம். அப்பா நோயில். அந்த ஜன்னலில் நின்றால் ஒரே பார்வையில் அப்பாவின் தோட்டம், அந்தக் கடைசியில் மரியா வந்துபோன வீடு. அந்தப் படங்களின் பாத்தி வரப்பு, வேலி, கூலியாள் ஒன்றையும் விடாமல் அவர் ஏன் அத்தனை உன்னிப்பாக வரைந்தார் என்று ஊர் வந்த பிறகு கேட்க வேண்டியிருக்கவில்லை.

அப்பாவும் 1816 மே மாதம் போனார். பாகத்தில் ஜானுக்குப் பங்கு வந்தது. இனி யார் சம்மதமும் வேண்டாம் என்று அந்த அக்டோபர் 2ஆம் தேதி லண்டன் செயின்ட் மார்ட்டின் ஆலயத்தில் கல்யாணம். நண்பர் ஜான் ஃபிஷர்தான் குருவானவராக நின்று நடத்திவைத்தார். ஜானுக்கு 40, மரியாவுக்கு 28. தாத்தா கோபப்பட்டார், ஆனால் கடைசியில் பேத்தியை ஒதுக்கவில்லை. 1819இல் அவர் இறந்தபோது அவளுக்கு உரியது அவளுக்கு வந்தது.

அதே 1819 மே மாதம் ஜான் இந்த ஊருக்கு வந்திருக்கிறார். இங்கிருந்து மரியாவுக்கு எழுதிய கடிதத்தில், எல்லாமே ஏதோ ஒரு பூவால் நிறைந்திருக்கிறது, எந்தப் பக்கம் அடி வைத்தாலும், எதன் மேல் கண் போனாலும், 'நானே உயிர்த்தெழுதலும் ஜீவனுமாயிருக்கிறேன்' என்கிற வேதவசனம் தன்னைச் சுற்றி மெய்யாகிறது என்கிறார். எங்கள் பக்கம் அடக்க ஆராதனையில் முதலில் வாசிக்கிற வசனம் அது. அதை அவர் வேலியோரத்துப் பூக்களில் வாசித்திருக்கிறார். ஆலயத்திலிருந்து ஃப்ளாட்ஃபர்ட் போகும் சந்து முழுக்க இன்று ஹாதார்ன் முட்செடி வெள்ளையாகப் பூத்துக் கிடந்தது. தம்பி முன்னால் நடந்தான். நான் அந்த வசனத்தைச் சொல்லிக்கொண்டே பின்னால் போனேன்.

திங்கள், டெடம், நேலண்ட்

காலையில் ஃபென் லேன் வழியாக டெடம். ஜான் பள்ளிக்கூடம் போன வழி இது. 'சோளக்கொல்லை' என்று தமிழில் தவறாகப் பெயர் போடுவார்களே, அந்தக் 'கார்ன்ஃபீல்டு' படம் (1826) இந்தப் பாதைதான். படத்தில் விளைந்து நிற்பது கோதுமை. ஓடையில் குப்புறப் படுத்துத் தண்ணீர் குடிக்கும் சிறுவன் சிவப்புச் சட்டை போட்டிருக்கிறான். அவர் இறந்த வருடமே நண்பர்கள் பணம் திரட்டி அந்தப் படத்தை வாங்கி நேஷனல் கேலரிக்குக் கொடுத்தார்கள்.

டெடம் ஆலயக் கோபுரம் அவருடைய படங்களில் அடிக்கடி எட்டிப்பார்க்கும். தேவையென்றால் இருக்கிற இடத்திலிருந்து நகர்த்தியும் வைப்பார். உள்ளே அவர் வரைந்த 'பரமேறுதல்' படம், கிறிஸ்து பரலோகம் ஏறும் காட்சி, இருக்கிறது. மானிங்ட்ரீ ஆலயத்துக்காக வரைந்தது, பிறகு இங்கே வந்தது.

மத்தியானம் நேலண்ட். ஜானின் அத்தை ஒருவர் இங்கே இருந்தார். அவர் கேட்டதற்காக 1810இல் செயின்ட் ஜேம்ஸ் ஆலயத்துக்கு ஆல்டர் (பலிபீடம்) மேலே வைக்கும் படம் ஒன்று வரைந்தார். கிறிஸ்து அப்பத்தையும் ரசத்தையும் ஆசீர்வதிக்கிறார். இடுப்பு வரைக்கும்தான் உருவம். முகத்துக்கு அண்ணன் கோல்டிங்கை மாதிரியாக வைத்தார் என்று இங்கே சொல்கிறார்கள். அது மெய்யோ இல்லையோ, ஆலையை நடத்த முடியாது என்று ஒதுக்கப்பட்ட அண்ணனின் முகம் ஆல்டருக்கு மேலே இருக்கட்டும் என்று ஒரு தம்பி நினைத்திருந்தால் அது எனக்கு நிறைவாகத்தான் இருக்கிறது.

ஒன்றை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். மனித உருவம் வரைவதில் அவர் பெரிய ஆள் இல்லை. வேதாகமக் காட்சிகளாக வரைந்த மூன்று படமும் அவருடைய மிகச் சிறந்த படைப்புகள் அல்ல. நேலண்ட் படத்தில் கிறிஸ்துவின் கைகள் மிருதுவாக, நல்ல வெளிச்சத்தில் இருக்கின்றன, ஆனால் அந்த முகம் நம்மைப் பிடித்து நிறுத்துவதில்லை. வில்லி லாட் வீட்டு வாசல் தண்ணீர் நிறுத்துகிறது. அவருடைய ஜெபம் அங்கேதான் இருக்கிறது என்று நான் நம்புகிறேன்.

செவ்வாய், சாலிஸ்பரி

லண்டன் போய், அங்கிருந்து இன்னொரு ரயில். மழை. பெரும்பொழுது பயணத்திலேயே போய்விட்டது.

ஊருக்கு வெளியே ஹார்னம் பக்கத்துப் புல்வெளியில், ஆற்றுக்கு இந்தப் புறமிருந்து பார்த்தால் பேராலயம் முழுசாகத் தெரிகிறது. ஊசிக்கோபுரம் 123 மீட்டர், பிரிட்டனிலேயே உயரமானது. பேராயர் ஃபிஷர் கான்ஸ்டபிளை ஆதரித்தவர். அவருடைய தம்பி மகன்தான் கல்யாணத்தை நடத்திவைத்த ஜான் ஃபிஷர், ஆர்ச்டீக்கன் என்ற மூத்த குருவானவர் பதவியில் இருந்தவர். பேராயருக்காக வரைந்த படத்தில் கோபுரத்துக்கு மேல் ஒரு கருமேகம் வைத்தார் கான்ஸ்டபிள். பேராயருக்கு மேகம் பிடிக்கவில்லை. அந்தப் படத்திலேயே இடது ஓரத்தில் பேராயரும் அவர் மனைவியும் நிற்கிறார்கள், அவர் கைத்தடியால் கோபுரத்தைச் சுட்டிக்காட்டுகிறார்.

1828இல் மரியா இறந்த பிறகு, ஆர்ச்டீக்கன் நண்பர் இவரை விடாமல் கூப்பிட்டு இங்கே வரவழைத்தார். 1829இல் வந்து தங்கியபோது தொடங்கியதுதான் 'புல்வெளியிலிருந்து சாலிஸ்பரி பேராலயம்'. 1831இல் கண்காட்சியில் வைத்தார், அதற்குப் பிறகும் அதைத் தொட்டுத் திருத்திக்கொண்டே இருந்தார். இடியும் மின்னலுமாக வானம், நடுவே கோபுரம், மேலே பெரிய வானவில். இங்கிலாந்துத் திருச்சபையின் மேல் அன்றைக்கு அரசியல் புயல் அடித்துக்கொண்டிருந்தது, அவர் திருச்சபைக்காகப் பயந்தார். மனைவி இல்லாத வீட்டின் இருட்டும் அதில் சேர்ந்திருக்கிறது. ஆனால் வானவில் போய் இறங்கும் இடம் எது தெரியுமா? லெடன்ஹால், ஆர்ச்டீக்கன் ஃபிஷரின் வீடு. அந்த நண்பரும் 1832இல் போய்விட்டார்.

மழை விட்டபோது தம்பி, "வானவில் வருமா அக்கா?" என்று கேட்டான். வரவில்லை. நனைந்த புல்லில் ஆடுகள் மேய்ந்தன. பேராலயத்துக்குள் சாயங்கால ஆராதனையில் பாடகர் குழு பாடிய சங்கீதத்தைக் கேட்டுவிட்டு ரயிலைப் பிடித்தோம்.

புதன், ஹாம்ப்ஸ்டெட்

மரியாவுக்கு எலும்புருக்கி நோய். லண்டன் நடுவில் புகை. நல்ல காற்று வேண்டும் என்று 1819இலிருந்து மேட்டுப் பகுதியான ஹாம்ப்ஸ்டெட்டில் வாடகைக்கு வீடு எடுத்தார்கள். கடைசியாக வெல் வாக் வீடு, 1827இல். ஜன்னலிலிருந்து செயின்ட் பால் பேராலயத்தின் குவிமாடம் தெரிந்ததாம். இப்போது வெல் வாக் மரங்கள் அடர்ந்த, பணக்காரத் தெரு. வீட்டின் முன்னால் அடையாளப் பலகை இருக்கிறது.

பிள்ளைகள் ஏழு பேர். ஜான் சார்ல்ஸ், மின்னா என்று கூப்பிட்ட மரியா லூயிசா, சார்ல்ஸ் கோல்டிங், இசபெல், எமிலி என்று சிலர் எழுதுகிற எம்மா, ஆல்ஃபிரட், லயனல். 1828 ஜனவரியில் லயனல் பிறந்தான். மார்ச்சில் மரியாவின் அப்பா இறந்து, 20,000 பவுண்டு விட்டுப் போனார். இனி நிம்மதியான மனதோடு ஆறடி கேன்வாஸ் முன்னால் நிற்கலாம், கடவுளுக்கு நன்றி என்று ஜான் எழுதினார். பணக்கவலை தீர்ந்தது. அந்த நவம்பர் 23ஆம் தேதி மரியா போய்விட்டாள். பன்னிரண்டு வருட மணவாழ்க்கை.

அண்ணனுக்கு எழுதிய கடிதத்தில், மணிக்கு மணி அந்த இழப்பை உணர்கிறேன், பிள்ளைகள் எப்படி வளர்வார்கள் என்பது தேவனுக்குத்தான் தெரியும், உலகத்தின் முகமே எனக்கு மாறிவிட்டது என்றார். அதன் பிறகு சாகும்வரை கறுப்பு உடைதான். அடுத்த பிப்ரவரியில் ராயல் அகாடமி அவரை முழு உறுப்பினராகத் தேர்ந்தெடுத்தது, ஒரே ஒரு வாக்கு வித்தியாசத்தில், 52 வயதில். மகிழ்ச்சியைப் பகிர்ந்துகொள்ள வேண்டியவள் இல்லாத வீட்டுக்கு வந்த மகிழ்ச்சி.

செயின்ட் ஜான் ஆலயக் கல்லறைத் தோட்டத்தின் கீழ் மூலையில் குடும்பக் கல்லறை. தடித்த கற்பெட்டி வடிவம், சுற்றி இரும்புக் கம்பி, சரிவில் மரநிழல். கடிகார மேதை ஜான் ஹாரிசனும் இதே தோட்டத்தில் இருக்கிறார். மரியாவை அடக்கம் செய்தபோது ஜான் கல்லறையில் ஒரு லத்தீன் வரியைப் பொறிக்கச் சொன்னார். வாழ்க்கையில் நமக்கு மிக இனியது எத்தனை மெல்லிய நூலில் தொங்குகிறது என்று பொருள். 1837 மார்ச் 31 இரவு அவரும் போனார். பகலில் வேலை செய்திருக்கிறார், சாயங்காலம் ஏழைக் கலைஞர்களுக்கான தர்மக்காரியம் ஒன்றுக்காக வெளியே போய் வந்திருக்கிறார். ஸ்டாண்டில் இருந்த படம் அநேகமாக முடிந்திருந்தது. அரண்டல் என்ற ஊரின் ஆலை.

பிறகு ஹீத் என்ற திறந்த மேட்டுக்கு ஏறினோம். 1821, 22 கோடைகளில் இங்கேதான் மேகங்களை மட்டும் வரைந்தார். பூமி இல்லை, மரம் இல்லை, வெறும் வானம், காகிதத்தில் ஆயில் பெயின்ட். பின்புறம் தேதி, மணி, காற்று எந்தத் திசை, எவ்வளவு வேகம் என்று எழுதி வைப்பார். அப்பாவுக்கு ஊர்ப் பொட்டலில் ஒரு காற்றாலையும் இருந்தது. காற்று திரும்புவதை மேகத்தைப் பார்த்து முன்னாலேயே தெரிந்துகொள்ளாவிட்டால் காற்றாலைக்குச் சேதம். வானம் பார்க்கும் அந்தத் தொழிலை அவர் அங்கே கற்றார். கீழே வீட்டில் மனைவி மூச்சுக்காகப் போராட, மேலே இவர் காற்றைக் குறித்துவைத்தார்.

வியாழன், விக்டோரியா அண்டு ஆல்பர்ட் மியூசியம்

'ஹே வெய்ன்' படத்துக்கு முன்னோட்டமாக, அதே அளவில் அவர் போட்ட மாதிரிப் படம் இங்கே இருக்கிறது. பெரிய படம் ஒவ்வொன்றுக்கும் இப்படி முழு அளவில் ஒரு முறை போட்டுப் பார்ப்பது அவர் பழக்கம். பழுப்புத் தளத்தின் மேல் வேகவேகமான தீற்றல். சில இடங்களில் கேன்வாஸே தெரிகிறது. மாணவர்களைக் கூட்டி வந்து காட்ட வேண்டியது இதைத்தான்.

இந்த மியூசியத்துக்கு அவருடைய படங்கள் இவ்வளவு வந்ததற்குப் பெரிய காரணம் மகள் இசபெல். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அப்பாவின் பட்டறையில் மிஞ்சியதைப் பத்திரமாக வைத்திருந்து, 1888இல் நூற்றுக்கணக்கான வரைபடங்களையும் ஆயில் ஸ்கெட்ச்களையும் இங்கே கொடுத்தார். அதே வருடம் இறந்தார். அப்பா சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வயல்வெளியில் திரிந்த 1813, 1814 ஸ்கெட்ச் புத்தகங்களும் அதில் அடக்கம். உள்ளங்கையில் அடங்கும் அளவு. ஒரு பக்கத்தில் ஏர், ஒரு பக்கத்தில் மரம், ஒரு பக்கத்தில் ஆலயக் கோபுரம். பிரதியைப் புரட்டினாலே விரல் நுனி அளவில் அவர் எவ்வளவு வைத்தார் என்று தெரிகிறது.

மற்றப் பிள்ளைகள்? மூத்தவன் ஜான் சார்ல்ஸ் கேம்பிரிட்ஜில் படிக்கும்போதே 1841இல் காய்ச்சலில் இறந்தான். சார்ல்ஸ் கோல்டிங் 1835இல், பதினான்கு வயதில், கிழக்கிந்தியக் கம்பெனியின் கடற்படையில் சேர்ந்து நம் பக்கம் கப்பல் ஏறினான். இங்கிலாந்தைத் தாண்டாத தகப்பனுக்குப் பிறந்த பிள்ளை, பிற்காலத்தில் பாரசீக வளைகுடாவை அளந்து வரைபடம் போட்ட கேப்டன் ஆனான்.

லயனலை நினைத்தால்தான் மனது இளகுகிறது. அம்மா போகும்போது பத்து மாதம், அப்பா போகும்போது ஒன்பது வயது. அவனும் நிலக்காட்சி வரைந்தான். சில வருடங்கள்தான் வரைந்தான், பிறகு விட்டுவிட்டான். அவன் வரைந்த பல படங்கள் நெடுங்காலம் அப்பா பெயரிலேயே மியூசியங்களில் தொங்கின. 1970களின் கடைசியில்தான் ஆய்வாளர்கள் உட்கார்ந்து, இவை மகனுடையவை என்று பிரித்தெடுத்தார்கள். லயனலின் படங்கள் லண்டனின் டேட் பிரிட்டன் கலைக்கூடத்தில் உண்டு. எல்லாம் சுவரில் இருக்காது, கேட்டுப் பார்க்க வேண்டும். தம்பி இப்போது போனில் அதைத்தான் தேடிக்கொண்டிருக்கிறான். பார்க்கக் கிடைத்தால் நாளை எழுதுகிறேன்.